காட்டுமாட்டுக்கு அடித்த மேளம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை ரயில். எதிர்ப் பலகையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும், அதே தோட்டத்தில் திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு மேளம் அடிக்கும் முனியாண்டி என்பவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பழைய வெள்ளைக்காரத் துரை தம்முடைய வேட்டையைப் பற்றி எழுதிய இங்கிலீஷ் புத்தகத்தைக் கிராணி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பத்திரிகைக்குள் முகத்தை வைத்திருந்த நான், முனியாண்டி சொன்ன ஒரு பேச்சில் நிமிர்ந்துவிட்டேன்.

“அது சாவு மேளமுங்க.”

“என்னய்யா சொல்றே? ஆளுங்க குஷியா மேளம் அடிச்சுக் காட்டுமாட்டை விரட்டினாங்கன்னுல்ல துரை எழுதியிருக்காரு!”

“சத்தம் போட்டு விரட்டுங்கடான்னாரு. சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. சாகப் போற உயிருக்கு வேற எதை அடிக்கிறது? துரைக்கு வித்தியாசம் தெரியலே.”

“இந்தப் புத்தகத்துப் படத்துல நீயும் சிரிச்சுகிட்டு நிக்கிறியே?”

“சிரிக்கச் சொன்னாங்க. துரை சுட்டதுல தாயும் கன்னும் விழுந்து கெடந்துச்சு. அதுக்குப் பெறகு அந்தக் காட்டுல ஒரு குளம்புத் தடம்கூட நாங்க பார்க்கலே.”

கிராணி கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

“இந்த மாடுங்க அழிஞ்சுகிட்டு வருது, இனிமே யாரும் சுடக் கூடாது, சர்க்கார்தான் காப்பாத்தணும்னு முடிச்சிருக்காரு.”

முனியாண்டி வெளியே ஓடும் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவு மேளம் அடிச்சா, கூடவே ஒருத்தர் அழணுமுங்க. அன்னிக்கு யாரும் அழலே. துரை இப்பத்தான் அழுவுறாரு.”