அவகாசம் வேண்டாம்

மலையாள நாட்டுச் சித்தூருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அப்பா எழுதிவைத்துப்போன உயிலோடு முதல் தடவையாக வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள். உயில் இருந்த மஞ்சப்பையை அண்ணன் மடிக்கும் கக்கத்துக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். பார்க்கிற எனக்கே எரிச்சலாக வந்தது.

"வக்கீல் மலையாளத்துலதான் பேசுவாரு. 'அவகாசம் வேணோ'ன்னு கேட்டாருன்னா, வேண்டாம்னு சொல்லிப்போடு அம்மிணி."

"ஏனுங்கண்ணா?"

"அவகாசம் கேட்டா கேசு இழுத்துக்கிட்டே போகும். நம்மதான் அலையோணும்."

தங்கை சன்னலிலிருந்து அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"என்னைக் கொல்லங்கோட்டுல மலையாளத்துக்காரங்களுக்கு நடுவுலதானுங்கண்ணா கட்டிக் குடுத்தீங்க. அங்க அவகாசம்னா உரிமைங்க."

பை மடியிலேயே நின்றுவிட்டது.

"கேட்டாருன்னா, வேணும்னு சொல்லிப்போடறனுங்க."