ஒழுகுற ஊடு

அந்த அறைய வுடுங்க ஐயா. மத்ததெல்லாம் நல்லாப் பாருங்க. என்ட பேரு மஹ்மூத். ஊட்டுக்காரர் மக்கீன் ஹாஜியார் வரல்ல, அவருக்குப் பதிலா நான்தான் காட்டுற. நீங்க கவுண்மேந்துக் கச்சேரிக்குப் புதுசா மாறி வந்த கிளாக்கர், யாழ்ப்பாணத்து ஆள் எண்டு செல்லி அனுப்பினார்.

கால் பாத்து வைங்க, வாளி ஈக்கு. ஓம், ஒழுகுதுதான். ரப்பர் நல்லா வித்த காலத்துல அவசரமாக் கட்டின ஊடு இது. அப்ப கண்டியில குடியிருக்க ஒரு மூல கெடைக்காது. மாட்டுத் தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிக் கூலிக்கு வுட்டாங்க, அதுக்கும் சண்ட புடிச்சாங்க. இப்ப ரப்பரும் போச்சி, தேயிலயும் போச்சி. தோட்டத்து ஆக்கள வேலைய விட்டு நிப்பாட்டி இந்தியாவுக்குக் கப்பலேத்துறாங்க. வரக்குள்ள பாத்திருப்பீங்களே, கட்டுகஸ்தோட்ட ரோட்டு நெடுக டுலெட் பலகதான்.

பக்கத்து ஊட்டுக்கு என்ன ஆச்சா? ஆளில்லாமக் கெடந்திச்சி, ராவோட ராவா கதவையும் ஜன்னலையும் கழட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. அதப் பாத்துத்தான் ஹாஜியார் எங்கள இதுல வுட்டு வெச்சீக்கிறார். என்ட மருமகன் ஹாஷிம் தோட்டங்களுக்கு அரிசி கருவாடு குடுத்த ஆள். தோட்டம் மூடினதும் அவர்ட கடையும் மூடிச்சி, இந்த ஊட்டுக்குக் கூலி குடுக்கேலாமப் போச்சி. கூலி வாணாம், ஊட்டப் பாத்துக்கங்க, எடுக்க ஆள் வந்தாக் காட்டுங்க, எடுத்தா வெளிக்கிடுங்க எண்டார் ஹாஜியார். நான் நல்லாக் காட்டினா நான் ரோட்டுல. இப்பிடி ஒரு உத்தியோகம் ஒங்கட கச்சேரியிலயும் ஈக்காது ஐயா.

இது குசினி. பொக வெளிய போகாது. கெணறு பள்ளத்துல, தண்ணியோட ஏறி வரக்குள்ள மூச்சு வாங்கும். மழக்கி இந்தச் சுவர்ல கைய வெச்சா ஈரம் ஒட்டும்.

இல்ல, பயங்காட்டல்ல. இல்லாத ஒண்டையும் நான் செல்லல்ல. நல்லதும் செல்றேன், கேளுங்க. காத்து வெளிச்சம் நல்லம். டவுனுக்கு நடந்தே போகலாம். அக்கம் பக்கத்துல வம்பு தும்பு இல்ல, ஆளே இல்லையே.

புடிச்சீக்கா.

ஒண்டாந்தேதியேவா? பொஞ்சாதி புள்ளைங்களும் வாராங்களா. வரட்டும், வரட்டும். இந்தக் கூலிக்கு இவ்வளவு பெரிய ஊடு முந்தியெண்டா நெனைக்கவும் ஏலாது, நீங்க செல்றது சரிதான்.

இருமினது... உள்ளுக்குத்தான். அந்த அறையத்தான் நீங்களும் வந்ததுலேர்ந்து கேக்குறீங்க, சாவி எங்க, சாவி எங்க எண்டு. அந்த அறைக்குச் சாவி இல்ல ஐயா. உள்ளால தாழ்ப்பா போட்டீக்கு.

என்ட மகள் றலியா. இத்தா இருக்கா. எங்கட மார்க்கத்துல புருசன் மவுத்தானா, அதான் காலமானா, நாலு மாசம் பத்து நாள் பொஞ்சாதி அந்த ஊட்டுலயே ஈக்கணும், வெளி ஆம்புளைங்க கண்ணுல படாம. ஹாஷிம் போன மாசம் அந்த அறையிலதான் மவுத்தானார். காய்ச்சல் எண்டு படுத்தவர். இவளுக்கு இத்தா முடிய நோம்பு மாசம் பொறந்துடும்.

கட்டாயமெண்டா வேற ஊட்டுக்கு மாறலாம் எண்டு பள்ளிவாசல் லெப்ப செல்றார். மாற எங்க ஈக்கு? அலவத்துகொடயில என்ட தம்பிக்கு ஒரே அறை, மூணும் வளந்த ஆம்புளப் புள்ளைங்க. இவள எந்த மூலையில மறைக்கிற? ஹாஜியார்ட்டயும் கேட்டேன். கெட்ட மனுசனில்ல அவர். அவர்ட மத்த ஊடுகள்லயும் எங்களப் போல காவலுக்குத்தான் ஆள் ஈக்கு, கூலி வாரல்ல, வந்த ஆள வுடுவாரா? ஆள் வாரவரைக்கும் இருங்க எண்டார், அவ்வளவுதான். இந்த ரெண்டு மாசத்துல வந்த ஒரே ஆள் நீங்கதான்.

ஐயோ, ஊடு புடிக்கல்லண்டு நீங்க ஏன் செல்லணும்? எனக்காகப் பொய் செல்ல வாணாம், அது எனக்கு ஒத்துவராது. ஓடு மாத்தித் தந்தா வாறேன், அதுக்கு முந்தி வரமாட்டேன் எண்டு மட்டும் செல்லுங்க. ஹாஜியார் ஓடு மாத்த நோம்பு கழிஞ்சி பெருநாளும் போயிடும், அவர்ட கை அப்பிடி.

ஒழுகுறது உண்மதானே. வாளிய நீங்களே பாத்தீங்க.