பன்னிரண்டு துண்டுகள்

உங்கள் மேசையின் ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் சார். நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் நின்றுவிடும். இந்த மாதிரி விஷயங்கள் என் கண்ணில் உடனே பட்டுவிடும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கேட்டதற்கு வருகிறேன். எங்கள் நிறுவனம் சுவாச மெஷின் செய்கிறது. தானாக மூச்சு விட முடியாதவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வகை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். மெஷினை ஓட்டும் புரோகிராம் முழுவதையும் அதிலுள்ள ஒரு சிப்பில் ஒரே கட்டியாக எழுதி வைத்திருப்போம். அதை பூட் இமேஜ் என்போம். கரண்ட் வந்ததும் போர்டு அதைப் படித்து எழுந்துகொள்ளும். பதினோரு விநாடி ஆகும்.

போன வருஷம் இரண்டு வீடுகளிலிருந்து புகார் வந்தது. கரண்ட் போய்த் திரும்பியபின் மெஷின் எழவில்லை. ஒரு வீட்டில் ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னொரு வீட்டைப் பற்றி அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

இரண்டு மெஷினும் எங்களிடம் திரும்பி வந்தன. எங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது வந்தாலும் முதலில் மெமரி கார்டைச் செருகி, புது இமேஜை எழுதிவிட்டுத்தான் மூடியையே கழற்றுவார்கள். கெட்டுப்போன இடத்தின் மேலேயே நல்லது உட்கார்ந்துவிடும். அப்புறம் மெஷின் சமர்த்தாக எழுந்துகொள்ளும். என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த ஒரு பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

நான் ஆய்வறையில் தொள்ளாயிரம் தடவை கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். தொள்ளாயிரம் தடவையும் எழுந்தது. மேலாளர் நல்ல மனுஷர்தான். "இன்னொரு வாட்டி வந்தா காட்டு. வரலேன்னா அப்படி ஒரு கோளாறே இல்லைன்னு எழுதிடுவோம்" என்றார். வெளியே ஆறாயிரம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த எண்ணிக்கையை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வறையில் நோயாளிக்குப் பதிலாக ஒரு ரப்பர் பையை மாட்டுவோம். எல்லா மூச்சும் ஒரே அளவு. மெஷினோ, மூச்சு மாறும்போது மட்டும்தான் இமேஜ் இருக்கும் அதே சிப்பில் குறிப்பு எழுதும். ரப்பர் பைக்கு இருமல் வராது, விக்கல் வராது. அதனால் குறிப்பு எழுதும் வேலையே நடப்பதில்லை. அந்தக் குறிப்பை எழுதும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால்தான் இமேஜ் கெடுகிறது என்று எனக்குப் பட்டது. அதை நிரூபிக்க இருமலும் விக்கலும் வருகிற நிஜ ஆள் ஒருவர் வேண்டும்.

என் அண்ணன் எங்கள் மெஷினில்தான் இருந்தான். இருபது வருஷம் பஸ் ஓட்டியவன். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்து, கடைசியில் முகம் மட்டும் மிஞ்சியது. கழுத்தில் குழாய். குரல் வராது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். நாக்கில் மட்டும் குறும்பு குறையவில்லை. நான் விஷயத்தைச் சொன்னபோது, "உன் மெஷினுக்கும் எனக்கும் ஒரே வியாதிடா, படுத்தா எந்திரிக்க மாட்டேங்குது" என்று உதட்டாலேயே சொன்னான். சம்மதமா என்று கேட்டேன். சரி என்றான். இதை நான் இட்டுக்கட்டவில்லை.

அவனுடைய மெஷினைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, சோதனைக்கென்று நான் வைத்திருக்கும் டெவலப்மென்ட் போர்டைப் பொருத்தினேன். அதிலிருந்து ஒரு வயரை என் லேப்டாப்புக்கு இழுத்தேன். பேட்டரி இருந்தால் கரண்ட் போனதே போர்டுக்குத் தெரியாது, அதனால் பேட்டரியைக் கழற்றினேன். அலாரத்தின் ஸ்பீக்கரையும் பிடுங்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது அலறினால் அக்கம்பக்கம் கூடிவிடும்.

அண்ணி தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மருந்துக்கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வருவாள். ஒரு மணி நேரம் ஆகும். நான் அலுவலகம் போகாமல் அங்கே இருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொன்னதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி. "தம்பி, நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் நான் வாசலைத் தாண்டுறேன்" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் புரிந்துகொள்ள மாட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. ஸ்விட்சை அணைத்துப் போடுவேன். கட்டிலோரம் கையால் அமுக்கும் காற்றுப் பை ஒன்று எப்போதும் இருக்கும். முதல் சில தடவை அந்தப் பதினோரு விநாடியும் அதை அமுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். பதினோரு விநாடிதானே. முப்பத்தொன்றாவது தடவைக்குப் பிறகு அண்ணன் "போதும்டா" என்றான். போதும் என்றுதான் சொன்னான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் அவன் உதட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். திரையைப் பார்க்கிற வேலைதானே என்னுடையது.

நாற்பத்து நாலாவது தடவை, வியாழக்கிழமை, மூன்றே கால். அண்ணன் இருமினான். நான் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். பதினோரு விநாடி ஆயிற்று, இருபது ஆயிற்று. போர்டு எழவில்லை. முதல் இமேஜ் சரியில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. இப்படி ஆனால் உதவட்டும் என்று இரண்டாவது இமேஜ் ஒன்றும் வைத்திருப்போம். போர்டு அதை எடுத்தது, அதோடு நின்றுபோனது. அது பழைய மாடல் போர்டுக்கு எழுதியது என்று பிறகு தெரிந்தது. முதல் இமேஜ் எப்போதும் வேலை செய்ததால் இரண்டாவதை ஒருத்தரும் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கோளாறைத் தேடிய ஏழு மாதத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

நல்ல இமேஜ் இருந்த மெமரி கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. செருகியிருந்தால் கால் நிமிஷத்தில் மெஷின் ஓடியிருக்கும். ஆனால் சர்வீஸ் ஆட்கள் செய்வதைத்தானே நானும் செய்ததாக ஆகும். தடயம் போய்விடும். ஆகவே முதலில் சிப்பில் இருந்ததைப் பிரதியெடுக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை டைப் செய்ய வேண்டும், அது வர அரை நிமிஷம் ஆகும்.

முதல் மூன்று துண்டு வரும்போது இடையிடையே எழுந்துபோய்க் காற்றுப் பையை அமுக்கினேன். அது உங்கள் குறிப்பில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். நாலாவதில் அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். நல்லவேளை, போர்டு ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் எல்லாம் அழிந்திருக்கும். நாற்பத்து நாலு தடவை அவன் பட்ட பாடு வீணாகியிருக்கும். அதனால் அப்புறம் நாற்காலியை விட்டு எழவில்லை. கட்டிலுக்கும் மேசைக்கும் நாலு எட்டு. அந்தப் பக்கம் திரும்பவில்லை. சத்தம் ஒன்றும் வரவில்லை, அவனுக்குத்தான் குரல் கிடையாதே.

பன்னிரண்டாவது துண்டு முழுசாக வந்தது. சேமித்தேன், இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். பிறகு கார்டைச் செருகி ரீசெட்டை அழுத்தினேன். மெஷின் எழுந்தது. அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்கியது, ஒரே அளவாக.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கண்டுபிடித்ததைச் சொன்னேன். எந்த இடம் கெட்டது, இரண்டாவது இமேஜ் ஏன் நின்றது, ஆறாயிரம் வீட்டுக்கும் இனி என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம். அவனைவிட்டால் அதைக் கேட்க உரிமை உள்ளவர் யார்? கண் திறந்துதான் இருந்தது. அண்ணி பையோடு உள்ளே வந்தபோது நான் இரண்டாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தேன். முதல் தடவை அவனுக்குச் சரியாகப் புரிந்த மாதிரித் தெரியவில்லை.