ஏழு மணி வீடியோ

ஃபைபர் இன்டர்நெட் இணைப்போடு கம்பெனி கொடுக்கும் பெட்டி அப்படியொன்றும் மோசமில்லை. ஆனாலும் சொந்தமாக ஒரு ரௌட்டர் வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது. வீட்டில் யாருக்கு எவ்வளவு வேகம் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். உட்காருங்கள், இவ்வளவு தூரம் வந்து என்ன நடந்ததென்று கேட்டதால் முழுசாகவே சொல்கிறேன். என் தம்பி பக்கத்தில் இருக்கிறானே என்று தயங்க வேண்டாம். அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.

முப்பது வயது வரை அவனுக்கு நான் மட்டும்தான். பசி, வலி, தூக்கம், போதும் என்று எங்களுக்குள் ஒரு நாற்பது சைகை இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? பள்ளிக்கூடமெல்லாம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னதும் நான்தான். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அதனால் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பிறகு அட்டைப்பெட்டி செய்யும் வேலைக்குப் போனான். அங்கே உங்கள் தங்கை. அவளும் அவனைப் போலத்தான். இரண்டே வருடத்தில் கைமொழி முழுவதையும் கற்றுக்கொடுத்துவிட்டாள். அவள் உங்களோடு ஊர் மாறிய பிறகு தினமும் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் பேசுவார்கள். விரல்கள் பறக்கும். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்கு ஒரு மண்ணும் புரியாது. வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

இந்த ரௌட்டரை மாட்டித் தந்த லைன்காரர் தங்கமானவர். கம்பெனியின் யூசர் நேம், பாஸ்வேர்டையெல்லாம் இதில் போட்டுக் கொடுத்துவிட்டு, "எந்த போனுக்கு எவ்வளவு ஸ்பீடுன்னு நீங்களே வச்சுக்கலாம்க்கா" என்றார். தம்பியின் போனுக்கு மட்டும் குறைத்தேன். அதில் சிம் கிடையாது, வீட்டு இணைப்பு மட்டும்தான். ஒரேயடியாக நிறுத்தினால் சந்தேகம் வரும். இப்படியென்றால் படம் வரும், கை அசைந்தால் கலங்கி நின்றுவிடும். அவன் போனைத் தட்டுவான். ஜன்னலோரம் போய் நிற்பான். ஒரே சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டுவான். பதினெட்டு நாள் காட்டினான்.

அப்போதுதான் தங்கைக்குத் தெரியாமல் என்னை வீடியோவில் கூப்பிட்டீர்கள். "அவளைக் கட்டிக்க அவருக்கு இஷ்டமான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கக்கா." திரையை என் பக்கமே வைத்துக்கொண்டு பின்பக்கக் கேமராவை அவனுக்கு நேராகப் பிடித்தேன். வயிறு வலிக்கிறதா என்று ஒரு கையால் கேட்டேன். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"பாத்தீங்கல்ல, வேண்டாங்கறான்" என்றேன். அடுத்த மாதமே அவளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

இப்போது தடையை எடுத்துவிட்டேன். படம் பளிச்சென்று வரும், அவள்தான் வருவதில்லை. ஏழு மணியானால் அவன் தலைவாரிக்கொண்டு, போனை எதிரே சாய்த்து வைத்து உட்காருகிறான். அவளுக்குக் கல்யாணமானது அவனுக்குத் தெரியாது. எங்கள் நாற்பதில் கல்யாணத்துக்குச் சைகை இல்லை.

உங்கள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்கிறான், பாருங்கள். தங்கை எழுதித்தான் காட்டுவாள், உங்களுக்குக் கைமொழி வராது என்றீர்களே. பரவாயில்லை. அவனிடம் எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், நான் அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.