கடைசி ரெண்டு வரி

...நீங்களே சொல்லுங்கம்மா, படம்னு ஒண்ணு வரைஞ்சா அதுவே பேசணுமா இல்லையா? இப்ப லண்டன்ல எவன் தூரிகையத் தொட்டாலும் கூடவே ஒரு பாட்டு. பாதி சேதி படத்துலயாம், மீதி பாட்டுலயாம். அதப் படச்சட்டத்துல தங்க எழுத்தா எழுதணுமாம். எழுதறது யாரு? இந்த எஃப்ரைம் டக்வெல். முதுகு ஒடியுது.

அந்த நாற்காலி வேணாம்மா, பூச்சு இன்னும் காயல. இங்க உக்காருங்க. கடை விலாசம் எப்படிக் கெடச்சுது? கண்காட்சியிலயா? சன்னலப் பாத்துக்கிட்டு, முதுகு மட்டும் தெரியறமாதிரி ஒரு பொண்ணு நிக்கிறாளே, அந்தப் படத்துக்குக் கீழயா? பாத்தீங்களா, வேலை செய்யுது.

அத வரைஞ்ச ஆஷ்பிதாம்மா காலைல வந்து குதிச்சாரு. பதினாலு வரி குடுத்தேன், பன்னெண்டுதான் இருக்குங்கறாரு. ரெண்டு வரி கொறஞ்சா யாருய்யா எண்ணப் போறாங்கன்னேன். அந்தக் கடைசி ரெண்டு வரியிலதான் அந்தப் பொண்ணக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தாராம். வாயத் தெறந்து கேக்கத் துப்பில்ல!

போன வாரம் அவ வந்து படிச்சாளாம். இவரு தூண் மறைவுல நின்னு அவ மொகத்தப் பாத்தாரே தவிர சட்டத்தப் பாக்கல. அவ மொகம் செவந்து, விறுவிறுன்னு போயிட்டாளாம். நேத்துதான் இவரு சட்டத்துக்குக் கிட்டப் போய்ப் பாத்திருக்காரு. தன்ன கேலி பண்ணிட்டான்னு அவ நெனச்சிருப்பா, இனி எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறதுன்னு ஒரே புலம்பல். இன்னிக்கு அஞ்சு மணி ரயில்ல இத்தாலிக்குக் கெளம்பறாரு.

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? இடம் இல்லாமலா விட்டேன்னா... இடமெல்லாம் இருந்துச்சு. அங்க நம்ம கடை பேரப் போட்டேன். 'டக்வெல், மலிவு விலைச் சட்டங்கள், மணிக்கூண்டுக்கு எதிரில்.' ஊரே கூடற எடம், சும்மா விடுவானேன்? காதல் பாட்டுக்கு அடியில அது கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

இதோ, அவரு எழுதிக் குடுத்த காகிதம். சத்தமாவே படிக்கிறேன். 'சொல்ல நாவில்லை, வண்ணம்தான் வாய்த்தது. அந்தச் சன்னலை விட்டு என் வீட்டுக்கு வருவாயா?' அவ்வளவுதான். இதுக்குப் போயி...

அட, காகிதத்தப் புடுங்கறீங்களே! என்ன சட்டம் வேணும்னு சொல்லவேயில்லையே, எங்க போறீங்க?

இரும்மா... இந்த முதுக நான் எங்கயோ...

அய்யோ, மணி நாலேகால். மூலையில வாடகை வண்டி நிக்கும்மா, ஓடு!