நாலு மணியிலிருந்து ஆறரை வரை

– தினமும் நாலு மணிக்கே லேப்லேர்ந்து கிளம்பிடுறியாமே?

– யாரு சொன்னா?

– யாரோ சொன்னாங்க. வீட்டுக்கு வர்றது ஆறரைக்கு. நடுவுல ரெண்டரை மணி நேரம்...

– பஸ் கிடைக்கலங்க.

– தினமுமா?

– என்ன இது, போலீஸ் விசாரணை மாதிரி... சட்டையைக் கழட்டுங்க, ஊற வைக்கணும்.

– பேச்சை மாத்தாதே. நூலகத்து மாடியில ஒரு வழுக்கைத் தலை. கையில கடிகாரத்தை வெச்சுக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டிருந்தாரு.

– ...அதுவும் தெரியுமா.

– யாரு அவரு?

– கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆனவர். இருபது கணக்கைக் கொடுத்துட்டு நேரம் பாப்பாரு.

– முப்பத்தாறு வயசுல உனக்கு எதுக்குக் கணக்கு?

– மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு. அடுத்த மாசம் பதினாலாம் தேதி. இந்தாங்க, அட்டவணை. பஸ்ல இங்கிலீஷ் வார்த்தை. சாயங்காலம் கணக்கு. ஞாயித்துக்கிழமை முழு மாதிரித் தேர்வு...

– ஞாயித்துக்கிழமை உங்கக்கா வீட்டுக்குப் போறதாத்தானே சொன்னே?

– அங்கதான் போறேன். மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு எழுதுறேன்.

– அவங்களும் கூட்டா. என்கிட்ட சொன்னா என்ன?

– போன தடவை சொன்னேனே. "ரத்தம் எடுக்கிற கைக்குப் பட்டம் எதுக்கு"ன்னு உங்க தம்பி முன்னாடி சிரிச்சீங்க.

– அது... விளையாட்டுக்குச் சொன்னது.

– எனக்கு அப்படி இல்லைங்க.

– சரி... இடம் கிடைச்சா வேலையை விட்டுடுவியா?

– முழுநேரப் படிப்பு, ரெண்டு வருஷம். விட்டுத்தான் ஆகணும். நீங்கதான் வேலையில இருக்கீங்களே.

– வேலை பாத்துக்கிட்டே படிக்க முடியாதா? சாயங்கால வகுப்பு...

– கிடையாது. விசாரிச்சுட்டேன்.

– லீவாவது போட்டுப் பாரேன். விட வேணாம்.

– ஏன் அதையே சுத்திச் சுத்தி... இருங்க. வாத்தியார் அஞ்சு மணிக்கெல்லாம் போயிடுவாரு. உங்க ஆபீஸ் விடுறதே அஞ்சரைக்கு. நீங்க எப்ப அவரைப் பாத்தீங்க?

– ஒரு நாள்... பெர்மிஷன் போட்டேன்.

– ஒரு நாள் பாத்ததை வெச்சா "தினமும் நாலு மணிக்கு"ன்னு சொன்னீங்க?

– சட்டையை ஊற வைக்கணும்னியே, இந்தா.

– என் பின்னாடியே வந்தீங்களா? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

– உன் பின்னாடி வரல. பகல் பூரா எங்க போய் உக்கார்றதுன்னு தெரியாமத்தான் அந்த நூலகத்துக்குப் போனேன். கீழ் ஹால்ல பேப்பரை விரிச்சுக்கிட்டு இருப்பேன், நீ படியேறிப் போவே. ஒரு நாள்தான் மாடியில எட்டிப் பாத்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்தி இருபத்து மூணு நாளாச்சு.