சத்தமில்லாத காற்றாடி

எனக்குப் பகலில் தூங்கிப் பழக்கம், ஐயா. பெட்டாலிங் ஜெயாவில் காற்றாடி செய்யும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கணினி, பிரிண்டர் இவற்றுக்குள் சுற்றும் சின்னக் காற்றாடிகளின் சத்தத்தை அளந்து, அதைக் குறைக்க பிளேடின் வடிவத்தை மாற்றிப் பார்ப்பது என் வேலை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் நானும் என் அக்கா பஞ்சவர்ணமும் மட்டும்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் ஆறு வருஷம். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டார். அது சூடாகாமல் இருக்க அதன் முதுகில் ஒரு காற்றாடி. ஒரே ஹாலில் அவருடைய கட்டில், அதை ஒட்டி மெஷின், கீழே என் பாய். அந்தக் காற்றாடியின் ஊளையில் மனிதர் கண் மூட முடியாது. கீழ்வீட்டுத் தனலெட்சுமி ஆன்டிகூட ஒருநாள், "லோகா, உன் வீட்டு ஏரோப்ளேன் எப்பதான் எறங்கும் லா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் வேலை முடிந்து வரும்போது, மோட்டார் சைக்கிளில் கண்ணைத் திறந்தபடியே தூங்கி, ஒரு லோரியில் உரசியிருந்தேன். வேறு மெஷின் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் கேட்டேன். ஆக்சிஜன் நோயாளிக்கு இடமில்லை என்றார்கள். அக்கா நன்றாகத் தூங்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

அந்தக் காற்றாடியை நானே மாற்றினேன். முறையாகத்தான் செய்தேன். பிளேடின் பின்விளிம்பில் காற்று கிழிந்து சுழல்வதால்தான் இரைச்சல் வருகிறது. அந்த விளிம்பை ரம்பப் பல் போல வெட்டினால் சுழல் சிறுசிறு சுழல்களாக உடையும். பிளேடுகளைச் சம இடைவெளியில் வைக்காவிட்டால் ஊளை ஒரே சுருதியில் நிற்காமல் சிதறும். இரண்டும் செய்தேன். கொஞ்சம் அடங்கியது. மீதியை அடக்க, வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் காற்றும் குறையும், மெஷின் சுடும். அது எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதான். குறைத்தேன். அதிர்வு வெளியே தெரியாமலிருக்க உள்ளே மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தேன். சூடேறினால் கத்தும் அலாரத்தின் வயரையும் கழற்றினேன். அதுவும் சத்தம்தானே.

அடுத்த முறை தோசை கொண்டுவந்த ஆன்டி வாசலிலேயே நின்று கேட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின வித்துட்டியா லா?" என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். படுத்தபடியே மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அது அதிர்ந்தால் ஓடுகிறது என்று நிம்மதி. கிள்ளானில் நூல் ஆலையில் வேலை பார்த்தபோதே அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. ரப்பர் வைத்த பிறகு கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் அடிக்கடி என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். நான் தலையாட்டுவேன். நம்பிக் கண்ணை மூடுவார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல வெயில். மெஷின் நின்றது எனக்குக் கேட்டது. அப்படியொரு அமைதியை அந்த வீட்டில் நான் அறிந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் மாற்று சிலிண்டர் நிறைவாக இருந்தது; குழாயை மாற்றித் திருகைத் திறந்தால் போதும். அக்கா கையை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஓடுதா?"

"ஓடுதுக்கா. தூங்கு."

உதட்டசைவு புரியும்படி நிதானமாகச் சொன்னேன். நானும் படுத்துக்கொண்டேன். கண் விழித்தபோது விளக்கு வைக்கும் நேரம். அவர் கை மெஷின் மேலேயே இருந்தது.

காது கேட்காதவருக்குச் சத்தம் எப்படித் தொந்தரவாகும் என்று நேற்று விசாரணையிலேயே கேட்டீர்கள். அக்கா ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, உண்மைதான். எல்லாவற்றையும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, ஐயா. கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா.